மாஷ் பதில்கள்: ஐந்து ராஜாக்களிடம் வேலை பார்த்தவர்

சென்ற இதழில், 1215இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் ராஜாவிடம் வாங்கிய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா பற்றி ஒரு மாணவிக்குப் பதில் எழுதும்போது, 'வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்துப் பிரபு ஐந்து ராஜாக்களுக்கு விசுவாசமாக இருந்தவர்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கேலி, கோபம், சந்தேகம் எல்லாம் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அவரேதான். தக்காளி விலை, செக்போஸ்ட் வரிசை, ஆழியாற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ராஜாக்களிடம் இருந்தவரை விசுவாசி என்கிறீர்கள். எங்கள் பஞ்சாயத்தில் ஐந்து கட்சி மாறியவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வேறு, மாஷ்.
வாசகர், கொழிஞ்சாம்பாறை

அந்தப் பெயரை அச்சில் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். மார்ஷல் ஒரு ராஜாவை விட்டு அடுத்தவரிடம் போனதெல்லாம் முந்தைய ராஜா செத்த பிறகுதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டப்பட்ட இளைய ஹென்றி 1183இல் செத்தார். அந்த அப்பா, இரண்டாம் ஹென்றி, 1189இல். ரிச்சர்ட் 1199இல். ஜான் 1216இல். கடைசியாக வந்தது ஒன்பது வயதுப் பையன் மூன்றாம் ஹென்றி. அவன் வளர்வதற்குள் மார்ஷலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கட்சி மாறுகிறவர் எப்போது மாறுகிறார் என்று பாருங்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்த அன்று. மார்ஷலின் பெருமையே அந்த நாட்களில் அவர் எங்கே நின்றார் என்பதில் இருக்கிறது.

1189 ஜூன் மாதம். இரண்டாம் ஹென்றிக்கு வயது 56, உடம்பு முடியவில்லை. அவர் பிறந்த ஊரான லெ மான் பற்றி எரிகிறது. துரத்தி வருவது பெற்ற மகன் ரிச்சர்ட், கூடவே பிரெஞ்சு ராஜா பிலிப். கிழவர் ஓடுகிறார், பின்பக்கம் காவலாக மார்ஷல். ரிச்சர்ட் அவசரத்தில் கவசம்கூடப் போடாமல் பாய்ந்து வந்துவிட்டான். மார்ஷல் குதிரையைத் திருப்பி, ஈட்டியை நீட்டிக்கொண்டு நேராக அவன்மேல் போனார். 'கொன்றுவிடாதே, என்னிடம் ஆயுதமில்லை' என்று ரிச்சர்ட் கத்தினான். 'உன்னைப் பிசாசு கொல்லட்டும், நான் கொல்லமாட்டேன்' என்று சொல்லிவிட்டு, ஈட்டியைத் தாழ்த்திக் குதிரையைக் குத்திச் சாய்த்தார். துரத்தல் அங்கேயே நின்றது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 6ஆம் தேதி ஷினோன் கோட்டையில் கிழ ராஜா இறந்தார். வேலைக்காரர்களே பிணத்தின் மேலிருந்த துணிவரை உருவிக்கொண்டு போனார்கள். மார்ஷலும் இன்னும் சிலரும்தான் நின்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். அப்புறம் வந்து நின்றான் புது ராஜா ரிச்சர்ட். 'அன்றைக்கு என்னைக் கொல்லப் பார்த்தாய்' என்றான். 'கொல்ல நினைத்திருந்தால் கொன்றிருப்பேன், என் கைக்கு அந்தத் தெம்பு இருக்கிறது' என்றார் மார்ஷல். ரிச்சர்ட் மன்னித்தான். மன்னித்ததோடு நிற்காமல் நாட்டிலேயே பெரிய சொத்துக்காரிகளில் ஒருத்தியை அவருக்குக் கட்டியும் வைத்தான்.

ரிச்சர்டை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். அரியணையில் ஏறியவனுக்குத் தெரியும்: தோற்ற எஜமானைக் கைவிட்டு ஓடி வந்தவன் நாளைக்குத் தன்னையும் கைவிடுவான். மார்ஷலின் விசுவாசம் அவருக்கு மூலதனமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று சட்டமில்லையே.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். அது ஆளுக்குக் கொடுத்த வாக்கு. நியாயத்துக்குக் கொடுத்ததல்ல. 1173இல் இளைய ஹென்றி அப்பாவையே எதிர்த்துக் கிளம்பியபோது மார்ஷல் மகன் பக்கம் நின்றார். காரணம் யார் பக்கம் நியாயம் என்பதல்ல. அவர் அப்போது மகனுடைய ஆள், அவ்வளவுதான். ஜான் ராஜா தன் முன்னாள் நண்பன் வில்லியம் டி பிரோஸின் மனைவியையும் மகனையும் சிறையில் பட்டினி போட்டுச் சாகடித்தான். அந்த பிரோஸுக்கு ஒரு காலத்தில் அயர்லாந்தில் இடம் கொடுத்தவர் மார்ஷல். அதற்குப் பிறகும் அவர் ஜானை விட்டுப் போகவில்லை. அவரைப் பிடிக்கும் எனக்கே அந்த இடத்தில் தொண்டையில் சிக்குகிறது.

சொந்த அப்பாவே 'என் மகனைத் தூக்கில் போட்டுக்கொள்' என்று சொன்னாராமே? இது உண்மையா, கதையா?
பிளஸ் டூ மாணவர், சித்தூர்

சொன்னதாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 1152இல் அப்போதைய இங்கிலாந்து ராஜா ஸ்டீபன், நியூபரி என்ற இடத்தில் மார்ஷலின் அப்பா ஜானின் (இவர் ராஜா ஜான் அல்ல) கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை ஒப்படைக்கக் கொஞ்சம் தவணை வேண்டும் என்று அப்பா கேட்டார். பிணையாக நாலாவது மகனை அனுப்பினார். வில்லியமுக்கு அப்போது ஐந்து, ஆறு வயது இருக்கும். கிடைத்த தவணையில் கோட்டைக்குள் ஆட்களையும் தானியத்தையும் நிரப்பிக்கொண்டார் அந்த மனுஷன். பையனைத் தூக்கிலிடுவேன் என்று ராஜா ஆளனுப்பினார். 'இதைவிட நல்ல மகன்களை அடித்துச் செய்யச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் என்னிடம் இருக்கின்றன' என்று பதில் வந்தது.

ஸ்டீபன் இளகிய மனசுக்காரர். தூக்குக்குப் போகும் வழியில் பையன் ஒரு பிரபுவிடம் 'அந்த ஈட்டியை எனக்குத் தருவீர்களா' என்று கேட்டானாம். ராஜாவால் முடியவில்லை, பையனைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஒருநாள் இருவரும் தரையில் உட்கார்ந்து செடித்தண்டுகளை வீரர்களாக வைத்து ஒன்றை ஒன்று மோதவிட்டு விளையாடினார்கள். பையன் ஜெயித்தான்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மார்ஷல் இறந்த பிறகு மூத்த மகன் ஏற்பாடு செய்து எழுதவைத்த ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டிலிருந்து. மொத்தம் 19,214 அடிகள். 1226 வாக்கில் முடிந்தது. மார்ஷலோடு நெடுங்காலம் இருந்த ஜான் ஆஃப் ஏர்லி சொன்ன நினைவுகள் அதில் நிறைய. அப்புறம் அந்தச் சுவடி காணாமலே போய், 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ணில் பட்டது. வேறொருவர் வாங்கிப்போய்விட்டார். இருபது வருஷம் அதன் பின்னால் அலைந்துதான் மேயர் மறுபடி அதைப் பிடித்தார்.

அதனால் தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. பிணையாகக் கொடுத்தது, ராஜா கொல்லாமல் விட்டது, இரண்டையும் நான் நம்புகிறேன். சுத்தியல் வசனத்தை மார்ஷலே வயசான காலத்தில் சாப்பாட்டு மேசையில் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். மகன் காசு கொடுத்து எழுதவைத்த புத்தகத்தில் அப்பாவுக்குக் கெட்ட பேர் வராது. ஆனால் இதில் தாத்தாவுக்கு வந்திருக்கிறது பார். அதனாலேயே கொஞ்சம் நம்பத் தோன்றுகிறது.

நாலாவது மகன், நிலம் கிடையாது என்கிறீர்கள். பணம் எப்படிச் சேர்ந்தது?
வாலிபால் கிளப் செயலாளர், மீனாட்சிபுரம்

டூர்னமென்ட்டில்தான் தம்பி. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே.

சினிமாவில் காட்டுகிற மாதிரி இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் வந்து இடிப்பது பிற்காலத்தது. 12ஆம் நூற்றாண்டில் டூர்னமென்ட் என்றால் இரண்டு ஊர்களுக்கு நடுவே மைல் கணக்கில் கிடக்கிற வயலும் தோப்பும்தான் மைதானம். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள். எதிரியைக் கொல்வது நோக்கமில்லை, பிடிப்பதுதான். பிடிபட்டவனுடைய குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு. விடுதலைக்கு ரொக்கமும் உண்டு.

ஆரம்பத்தில் இந்த வியாபாரம் அவருக்குப் புரியவில்லை. பிரான்சின் வடகரையான நார்மண்டியில் முதல் நிஜச் சண்டையில் பிரமாதமாக மோதினார், சொந்தக் குதிரையை இழந்தார், ஒன்றையும் கைப்பற்றவில்லை. அன்று ராத்திரி விருந்தில் எஸெக்ஸ் பிரபு எல்லார் காதிலும் விழும்படி 'மார்ஷல், எனக்கொரு அன்பளிப்பு கொடு, ஒரு பழைய குதிரைப் பட்டையாவது போதும்' என்றார். பையன் 'என்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லையே' என்று அப்பாவியாகச் சொன்னான். 'என்ன, இன்றைக்கு உன் கையில் நாற்பது அறுபது கிடைத்திருக்குமே' என்றதும் மண்டபமே சிரித்தது. குதிரைவீரர் பட்டம் வாங்கியபோது கிடைத்த மேலங்கியை விற்றுத்தான் ஒரு சாதாரணக் குதிரை வாங்கினார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ரோஜர் டி கோஜி என்ற இன்னொரு வீரரோடு கூட்டு வைத்து, ஒரு வருஷத்துக்குள் 103 வீரர்களைப் பிடித்தார். இந்தக் கணக்கை எழுதி வைத்தது சமையல்கட்டுக் கணக்குப்பிள்ளை விகேன். குதிரைகளையும் சில்லறைச் சாமான்களையும் அவன் கணக்கில் சேர்க்கவில்லையாம்.

இன்னொன்று. ப்ளூர் என்ற ஊரில் ஆட்டம் முடிந்து, சிறந்த வீரருக்குப் பரிசாக ஒரு பெரிய மீன். அதைக் கொடுக்க மார்ஷலைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் கண்டுபிடித்தார்கள். பட்டறைக்கல்லின் மேல் தலையை வைத்துக் குனிந்து கிடக்கிறார். அடிவாங்கி நசுங்கிய இரும்புத் தலைக்கவசம் கழுத்துவரை இறுகிக் கழற்ற வரவில்லை. கொல்லன் சுத்தியலும் குறடுமாக நெம்பிக்கொண்டிருக்கிறான். மீன்காரர்கள் பொறுமையாக வெளியே நின்றார்களாம்.

எனக்குத் தோப்பு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம். இரண்டு மாநிலத்துக்கும் அலைந்தே செருப்பு தேய்கிறது. அந்தப் பிரபுவுக்கும் கடலுக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்ததாக எங்கோ படித்தேன். எப்படிச் சமாளித்தார்?
விவசாயி, வேலந்தாவளம்

இந்தக் கேள்வி நம் பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்துதான் வரமுடியும். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாருக்குச் சித்தூர் பக்கம் தோப்பு, பொள்ளாச்சி பக்கம் காடு. அந்தக் காலத்தில் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம். பொள்ளாச்சி வெள்ளைக்காரனின் மதராஸ் மாகாணம். இங்கே கொச்சி ராஜாவுக்குக் கரம் கட்டுவார், அங்கே சர்க்காருக்குக் கிஸ்தி. கொச்சி ராஜாவும் வெள்ளைக்காரனும் சண்டை போட்டுக்கொள்ளாததால் அப்பாருக்குச் செருப்புத் தேய்ந்ததோடு சரி. போட்டிருந்தால்? 'நீ யாருடைய ஆள்' என்று இரண்டு கச்சேரியிலும் கேட்டிருப்பார்கள்.

மார்ஷலிடம் அப்படித்தான் கேட்டார்கள். 1204இல் ஜான் ராஜா நார்மண்டியைப் பிரெஞ்சு ராஜா பிலிப்பிடம் பறிகொடுத்தார். அதுவரை கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே ராஜா. இப்போது இரண்டு பேர், அதிலும் பகையாளிகள். மார்ஷலுக்கு இந்தப் பக்கம் வேல்ஸில் பெம்ப்ரோக், செப்ஸ்டோ, அப்பால் அயர்லாந்தில் லெய்ன்ஸ்டர். அந்தப் பக்கம் நார்மண்டியில் லாங்வில், ஆர்பெக். 'எனக்கு மண்டியிடு, இல்லாவிட்டால் நிலம் போய்விடும்' என்றார் பிலிப். பெரும்பாலான பிரபுக்கள் ஒரு பக்கத்தைக் கைகழுவினார்கள். மார்ஷல் 500 மார்க் வெள்ளி கொடுத்து ஒரு வருஷமும் ஒரு நாளும் தவணை வாங்கினார். லெஸ்டர் பிரபுவும் அதேபோல் வாங்கினார், ஆனால் தவணைக்குள் இறந்துவிட்டார்.

தவணை முடிகிற நேரம், 1205இல், ஜானிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போனார் என்று பாட்டு சொல்கிறது. பிலிப்பின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, 'கடலுக்கு இந்தப் பக்கம் உங்கள் ஆள்' என்று வாக்குக் கொடுத்தார். அந்த நாலு வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்துக்குப் போனால் ஜானின் ஆள். பிரான்சில் நின்றால் பிலிப்பின் ஆள்.

ஜானுக்கு இது தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டார். 'நான் அனுமதி தரவே இல்லை' என்றார். 'அப்படியானால் என்னோடு பிரான்சுக்குப் படையெடுத்து வா' என்று சவால் விட்டார். மார்ஷல் மறுத்தார்: பிலிப்புக்குக் கைகொடுத்தாயிற்று, அங்கே போய் அவரோடு சண்டை போட முடியாது. ராஜா மற்றப் பிரபுக்களைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார். மார்ஷல் அவர்கள் பக்கம் திரும்பி, 'நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்று எனக்குச் செய்வதை நாளை உங்களுக்கும் செய்வார்' என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜான் அவருடைய மூத்த மகனைப் பிணையாக வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டாவது மகனையும். சொந்த அப்பாவால் பிணையாகக் கொடுக்கப்பட்டவர் தன் மகன்களைக் கேட்டபோது மறுப்பே சொல்லாமல் அனுப்பினார். மனதுக்குள் என்ன ஓடியதோ, பாட்டில் அது இல்லை.

எல்லாரும் புகழ்கிற அவருடைய விசுவாசத்துக்கு நிஜமான சோதனை இதுதான் என்பது என் கட்சி. போர்க்களத்தில் நிற்பது சுலபம், யார் எதிரி என்று தெரியும். எல்லையில் நிலம் வைத்திருப்பவனுக்கு அது தெரியாது. அவர் இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சொல்லக்கூடிய ஒரு உண்மையைத் தயார் செய்துகொண்டார். ஜான் அதைத் துரோகம் என்றார். நான் பத்திரம் எழுதுகிறவனின் சாமர்த்தியம் என்பேன். நிலம் கடைசிவரை இரண்டு பக்கமும் அவரிடமே இருந்தது. உங்கள் காட்டுக்கு வேலி போடுவதைப் பற்றி மட்டும் பக்கத்துக் காட்டுக்காரரோடு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி வைத்தான், கட்டி வைத்தான் என்கிறீர்கள். அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?
வாசகி, வண்டித்தாவளம்

கேட்கவில்லை அம்மா. இசபெல் டி கிளேருக்கு அப்போது 17 வயது இருக்கும், மார்ஷலுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுடைய அப்பா ஸ்ட்ராங்போ என்று பெயரெடுத்த ரிச்சர்ட் டி கிளேர், அம்மா அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் ராஜா மகள் ஈஃபா. இந்தக் கட்டுரையில் நான் 'மார்ஷலின் நிலம்' என்று சொன்னதில் லெய்ன்ஸ்டர், செப்ஸ்டோ போன்ற பெரும்பகுதி இசபெல் கொண்டுவந்தது. பாட்டு எழுதியவர் இதை ஒளிக்கவில்லை. மார்ஷலே ஒளிக்கவில்லை. 1207இல் ஜான் அவரை இங்கிலாந்துக்குக் கூப்பிட்டபோது, லெய்ன்ஸ்டரில் தன் ஆட்களைக் கூட்டி, கர்ப்பமாக இருந்த இசபெலை முன்னால் நிறுத்தி, 'இவள்தான் உங்கள் எஜமானி. உங்களுக்கு நிலம் கொடுத்தவரின் மகள். நான் வைத்திருப்பதெல்லாம் இவள் வழியில் வந்ததே' என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜாவின் ஆட்கள் தாக்கினார்கள். இசபெல் தாக்குப்பிடித்தார். கடைசியில் தாக்கிய தலைவனே தன் மகனை அவரிடம் பிணையாக விட்டுப்போக வேண்டி வந்தது.

பத்துப் பிள்ளைகள்: ஐந்து ஆண், ஐந்து பெண்.

இன்னொரு பெண்மணியையும் சொல்லிவிடுகிறேன். 1217இல் லிங்கன் கோட்டையைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காப்பாற்றியது நிக்கோலா டி லா ஹே. அறுபது தாண்டிய விதவை. ஜான் ராஜா தான் சாவதற்கு முந்தின நாள் அவரைப் பொறுப்பில் நியமித்தார். ஜான் செய்த ஒரு நல்ல காரியம் சொல்லுங்கள் என்றால் நான் இதைச் சொல்வேன்.

ஜான் ராஜாவோடு நின்றவர் மாக்னா கார்ட்டாவுக்கு எதிரிதானே? அப்புறம் அவரே அதை வெளியிட்டார் என்றால் எப்படி?
வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு

1215 ஜூனில் பேச்சுவார்த்தை நடந்தபோது அவர் ராஜா பக்கம். சாசனத்தின் முகப்பில் ராஜாவின் ஆலோசகர்கள் பட்டியலில் பாதிரிமார்களுக்கு அடுத்தபடியாக முதல் பெயர் அவருடையது. எதிர்ப்பக்கம், ராஜாவைக் கண்காணிக்க நியமித்த 25 பேரில் அவருடைய மூத்த மகன். அப்பனும் மகனும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. வேலந்தாவளம் விவசாயிக்கு எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆகஸ்டில் போப் சாசனத்தை ரத்து செய்தார். உள்நாட்டுப் போர் வெடித்தது. கலகக்காரப் பிரபுக்கள் பிலிப்பின் மகன் லூயியை ராஜாவாக்க அழைத்துவந்தார்கள். 1216 அக்டோபரில் ஜான் செத்தபோது லண்டனும் பாதி நாடும் லூயியிடம். கஜானா காலி. பத்து நாளில் குளோஸ்டரில் வைத்துப் பையன் ஹென்றிக்கு அவசரமாக முடிசூட்டினார்கள். நாட்டைப் பார்த்துக்கொள்ள யார்? மார்ஷலுக்கு எழுபது வயது. ஒரு ராத்திரி யோசித்தார். எல்லோரும் பையனைக் கைவிட்டாலும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போவேன், பிச்சையெடுத்தாவது காப்பாற்றுவேன் என்று ஜான் ஆஃப் ஏர்லியிடம் சொன்னாராம்.

அடுத்த மாதமே, நவம்பர் 12, பிரிஸ்டலில் மாக்னா கார்ட்டாவை மறுபடி வெளியிட்டார். பையனுக்கென்று முத்திரை இல்லை. மார்ஷலின் முத்திரையும் போப்பின் பிரதிநிதி முத்திரையும் போட்டார்கள். 25 பேர் கண்காணிப்பு ஷரத்தை எடுத்துவிட்டார். புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். கலகக்காரர்கள் எதற்காகச் சண்டை போட்டார்களோ அதில் பெரும்பகுதியை ராஜா பக்கமே கொடுத்தாகிவிட்டது. அப்புறம் எதற்கு லூயி? கொஞ்சம் கொஞ்சமாகப் பிரபுக்கள் திரும்பி வந்தார்கள். ஜான் பயந்து கொடுத்த சாசனம் சில வாரம்தான் தாங்கியது. மார்ஷல் அதையே ஆட்சி நடத்தும் வழியாக்கி 1217இல் மறுபடி வெளியிட்டார், கூடவே வனச் சாசனம் என்று தனியாக ஒன்றும். சாசனம் பிழைத்ததற்கு அவர்தான் காரணம் என்று நான் சொன்னால் கலகப் பிரபுக்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

1217 மே 20, லிங்கன் போர். கிழவர் முன்வரிசையில் போகத் துடித்த அவசரத்தில் தலைக்கவசத்தை மறந்துவிட்டார். வேலைக்காரப் பையன் ஒருவன் ஞாபகப்படுத்தினான். போட்டுக்கொண்டு பாய்ந்தார். பிரெஞ்சுத் தளபதி பெர்ஷ் பிரபு செத்தான். அவன் மார்ஷலுக்குச் சொந்தக்காரன் வேறு. ஜெயித்த படை பிறகு லிங்கன் நகரத்தைச் சூறையாடியது, கோயில்களைக்கூட விடவில்லை. படகில் தப்பியோடிய பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கினார்கள். பாட்டு இந்த இடத்தில் வாய்பொத்திக்கொள்கிறது. மற்ற எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் சமாதானம். லூயி 10,000 மார்க் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். லண்டனில் வளைத்துப் பிடித்திருக்கலாமே, எதிரிக்குப் பணமும் கொடுத்து வழியனுப்பினாரே, நார்மண்டியில் இவருக்கு நிலம் இருப்பதாலா என்று பின்னாளில் பேச்சு வந்தது. எல்லையில் நிலம் வைத்திருப்பவன் என்ன செய்தாலும் வருகிற பேச்சு.

எட்டு நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பிரபு நமக்கெதற்கு? சேரனும் சோழனும் தீர்ந்துவிட்டார்களா?
வாசகர், பொள்ளாச்சி

தீரவில்லை. கேளுங்கள், எழுதுகிறேன். ஆனால் ஒரு சோழப் படைத்தலைவர் சாகும்போது தன் கணக்குப்பிள்ளையிடம் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத முடியாது. கல்வெட்டில் அது கிடைக்காது. இவரைப் பற்றி எழுத முடியும். அதையே அடுத்தவர் கேட்டிருக்கிறார்.

அவர் கடைசிக் காலம் எப்படி?
ஓய்வுபெற்ற தபால்காரர், கொல்லங்கோடு

1219 ஆரம்பத்தில் படுத்தார். லண்டனில் சாகப் பிடிக்காமல், படகில் தேம்ஸ் ஆற்றில் தன் ஊரான காவர்ஷமுக்கு வந்தார். முதல் வேலை, பையன் ராஜாவை யாரிடம் ஒப்படைப்பது. வின்செஸ்டர் பிஷப் கையை நீட்டினார், மார்ஷல் கொடுக்கவில்லை. இங்கிலாந்துப் பிரபு யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று போப்பின் பிரதிநிதி பண்டுல்ஃபிடம் கொடுத்தார். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: நீ நல்ல மனிதனாக வளர வேண்டும், உன் முன்னோர்களில் யாராவது ஒரு கெட்டவனைப் பின்பற்றினால், ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். பையன் 'ஆமென்' என்றான்.

எந்த முன்னோர் என்று அவர் சொல்லவில்லை. அந்த அறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பதினேழு வருஷம் ஜானின் கீழ் நின்று, பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்து, கொடுத்த வாக்கை மீறாதவர், ஜானைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை வாசகர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாகக் கிடக்கும்போது, டூர்னமென்ட்டில் பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று பாதிரியார்கள் சொல்கிறார்களாமே என்று பேச்செடுத்தார்கள். கிழவர் எரிச்சலாகிவிட்டார். ஐந்நூறு வீரர்களைப் பிடித்திருக்கிறேன், அவர்கள் குதிரையையும் கவசத்தையும் இப்போது எங்கே போய்த் தேடுவேன், அதற்காக மோட்சக் கதவைச் சாத்தினால் எவனும் உள்ளே போக முடியாது என்றார். எழுத்தர் ஒருவர், பெட்டியில் இருக்கிற எண்பது நல்ல அங்கிகளை விற்று ஆத்மாவுக்காகத் தர்மம் செய்யலாம் என்று யோசனை சொன்னார். 'வாயை மூடு. பெந்தெகொஸ்தே பண்டிகை வருகிறது, என் ஆட்களுக்குப் புதுத்துணி வேண்டும். என் கையால் கொடுப்பது இதுதான் கடைசி' என்றார்.

தன் மகள்களைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். அவர்களில் ஜோன் வெட்கத்தில் தடுமாறினாள்; எப்படிப் பாட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். டெம்ப்ளர் என்ற துறவி வீரர்களின் சபையில் சேர்வதாக ஜெருசலேமில் இருந்த காலத்திலேயே நேர்ந்திருந்தார். அந்த வெள்ளை அங்கியை ஒரு வருஷம் முன்பே ரகசியமாகத் தைத்து வைத்திருந்தார். துறவு வாங்கினால் மனைவியைத் தொடக்கூடாது. அதனால் இசபெலைக் கூப்பிட்டு 'இப்போதே முத்தம் கொடு, இனி முடியாது' என்றார். மே 14 அன்று இறந்தார். இசபெலும் அடுத்த வருஷமே போய்விட்டார்.

ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராகப் பெம்ப்ரோக் பிரபு ஆனார்கள். ஐவரும் வாரிசில்லாமல் செத்தார்கள்; 1245 முடிவதற்குள் ஆண் வழி அற்றுப்போனது. நாலாவது மகனும் ஐந்தாவது மகனும் ஒரே மாத இடைவெளியில். மூன்றாவது மகன் கில்பர்ட் எதில் செத்தான் தெரியுமா? டூர்னமென்ட்டில். நிலத்தைப் பறிகொடுத்த ஓர் அயர்லாந்து பிஷப் விட்ட சாபம் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தார்கள். சொத்து ஐந்து மகள்களின் வழியில் பங்காகப் பிரிந்தது.

என் மகள் பிரிஸ்டலில் நர்ஸ். வரும் கோடையில் அங்கே போகிறேன். இவர் சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறதா மாஷ்?
வாசகி, கோபாலபுரம்

நல்ல ஊரில் மகள் இருக்கிறாள். சாசனத்தை மறுபடி வெளியிட்ட ஊரே அதுதான். அங்கிருந்து செப்ஸ்டோ பக்கம். வை ஆற்றின் கரையில் பாறைமேல் கோட்டை. ஆற்றுக்கு இந்தக் கரை வேல்ஸ், அந்தக் கரை இங்கிலாந்து, நமக்குப் பழக்கப்பட்ட சமாசாரம்தான். உள்ளே காட்சிக்கு வைத்திருக்கும் பழைய ஓக் மரக் கதவுகளைத் தவறவிடாதீர்கள். மர வளையங்களை வைத்துக் கணித்ததில் 12ஆம் நூற்றாண்டு மரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே ஆற்றோரமாகக் கொஞ்சம் மேலே போனால் டின்டர்ன் மடம், இப்போது கூரையில்லாத இடிபாடு. இசபெலை அடக்கம் செய்தது அங்கே. லண்டனுக்குப் போனால் ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் டெம்பிள் சர்ச்சில் மார்ஷலின் கற்சிலை தரையில் படுத்திருக்கும். 1941 குண்டுவீச்சில் அடிபட்டது, சரிசெய்திருக்கிறார்கள். கோட்டையில் படிகள் அதிகம். முழங்கால் வலி என்று போன மாதம் எழுதியது நீங்கள்தான் என்றால், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.